பச்சை உடம்பும் பாரமான மனமும்

ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கும்படி கொடுத்தால், பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லுக்கும் சரியான அர்த்தத்தையே எழுதியிருப்பார்கள். வாக்கியத்தின் அர்த்தம் மட்டும் எங்கேயோ தப்பிப் போயிருக்கும். வகுப்பில் இது சிரிப்போடு போய்விடும். பிரசவ ஆஸ்பத்திரியில் நேர்ந்தாலோ, ஒரு தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழந்தை பிறந்த சில நாட்களில் தாய்க்குக் காரணமின்றிக் கண்ணீர் வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் அது தானே அடங்கிவிடும். அடங்காமல் நீடித்து, குழந்தையின் முகத்தைக் கண்டும் மகிழ்ச்சி தோன்றாமல், தன்னையே நொந்துகொள்ளும் நிலை வந்தால் அது மனச்சோர்வு என்னும் நோய். கர்ப்ப காலத்திலேயே தொடங்குவதும் உண்டு. இதைக் கண்டறிய ஜான் காக்ஸ் என்னும் மனநோய் வைத்தியரும் அவருடைய சகாக்கள் இருவரும் 1987-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். எடின்பரோ அளவை என்பது அதன் பெயர். கடந்த 7 நாட்களின் மனநிலையைப் பற்றி 10 கேள்விகள். மொத்தம் 30 மார்க்கு. மார்க்கு ஏற ஏற நோயின் ஐயமும் ஏறும்.

அதன் 6-ஆவது கேள்வி, காரியங்கள் தன்மேல் ஏறிக்கொள்வதாகச் சொல்லும் ஓர் ஆங்கில வழக்கைக் கொண்டது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நம் பெண்கள் திகைப்பார்கள். "ஒன்றும் ஓடவில்லை", "தலைக்குமேல் பாரமாயிருக்கிறது" என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். மேலும், அலுப்பும் களைப்பும் பிள்ளை பெற்றவர் எல்லோருக்கும் உள்ளவையாதலால், உடம்பைப் பற்றிய கேள்விகளை அந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் தவிர்த்தார்கள். அது நியாயமே. ஆனால் நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது என்று உடம்பின் மேல் வைத்தே துக்கத்தைச் சொல்லும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்!

சொல்லைச் சரிசெய்தாலும் வேலை முடிவதில்லை. எடின்பரோவில் 13 மார்க்கைத் தொட்டவர்களுக்கே நோய் இருக்கக்கூடுமென்று கொண்டார்கள். தமிழ் வினாத்தாளை வேலூரில் சோதித்து 2005-இல் வெளியிட்டவர்கள், 9 என்ற எல்லையே இங்கே பொருந்துமென்று கண்டார்கள். பழைய எல்லையையே வைத்திருந்தால், இடைப்பட்ட பெண்களையெல்லாம் "சுகம்" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் அன்றோ?

யார் முன்னிலையில் கேட்பது என்பதும் முக்கியம். வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்து 2002-இல் வெளியான ஆராய்ச்சி, பிரசவத்திற்குப்பின் புதிதாக இந்நோய் கண்டவர்கள் 100-க்கு 11 பேர் என்றது. வறுமை, ஆண் குழந்தையை விரும்பிய இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனஸ்தாபம், ஒத்தாசைக்கு ஆளின்மை முதலியவை காரணங்களாயின. அப்படியிருக்க, எழுதப் படிக்கத் தெரியாத மருமகளிடம் மாமியார் காதுபடக் கேள்விகளை வாசித்தால் என்ன விடை வரும்? "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறொன்றும் வராது.

கேட்டறிந்தபின் செய்யத்தக்கது உண்டா என்று ஐயுற வேண்டாம். இராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், உள்ளூர்ச் சுகாதாரப் பணிப்பெண்கள் பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடு தேடிச்சென்று பேசி வந்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு 6 மாதமானபோது அத்தாய்மாரில் நோய் நீடித்தவர்கள் 100-க்கு 23 பேர். பயிற்சியில்லாதவர்கள் அத்தனை தடவையே போய்வந்த வீடுகளில் 53 பேர்.

பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியமும் மருந்தும் தவறாமல் கொடுக்கிறோம். "உன் மனசு எப்படியம்மா இருக்கிறது?" என்று தனியே அழைத்து, அவள் பேச்சிலேயே கேட்பவர் யார்? உயிரை விட்டுவிடலாமென்று தோன்றுவதாக அவள் சொன்னால், அதட்டாமலும் அவளைத் தனியே விடாமலும் அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எடின்பரோ அளவையின் 10-ஆவது கேள்வியும் இதைப் பற்றியதுதான். அதைக் கேட்கக் கூசுவதனால் யாருக்கும் நன்மையில்லை.