விருந்து உறவுக்கு, வேலை திறமைக்கு!

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். 2019-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டு அதன் சாவிக்குத்தான் திறக்கும். "நான் முதலாளியின் மச்சான்" என்றால் திறக்குமா?

ஆனால், சில பட்டறைகளிலும் மில்களிலும் மச்சானுக்கே கதவு திறக்கிறது!

உறவினருக்கு வேலை கொடுப்பது குற்றமா? இல்லை. தொழில் தெரிந்த மகன் தந்தைக்குத் தோள் கொடுக்கலாம்.

சூழ்ச்சிக்கார மானேஜரின் கதை வேறு. அவர் உறவினரை அழைப்பது பாசத்தால் அல்ல. தவறைத் தட்டிக் கேட்காத வாயும், மற்றவர் பேச்சை ஒட்டுக் கேட்கும் காதும் அவருக்குத் தேவை. இந்தச் சூழ்ச்சிக் குணத்தை ஆராய்ந்து, கிறிஸ்டி, கைஸ் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1970-ல் நூல் வெளியிட்டார்கள். பிறரைக் கருவியாக்கிக் காரியம் சாதிப்பதே அந்தக் குணம். உறவினரும் அவருக்கு ஒரு கருவிதான்!

பல ஆண்டு உழைத்த தொழிலாளி மனம் உடைகிறார். வேலை கெடுகிறது. பழி, வந்த உறவினர் தலையில் விழுகிறது.

திறமை அறிந்து வேலை தருவதற்குத் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர். உறவைப் பேணுவதற்கு அடுத்த அதிகாரம், 'சுற்றந்தழால்'. இரண்டும் வேண்டும். ஆனால், இரண்டும் வேறு வேறு!

உறவினருக்கு விருந்து வையுங்கள். வேலையைத் திறமைக்குக் கொடுங்கள்!