அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம்

சுவரில் உள்ளங்கை அகல எட்டுக்கால் பூச்சியைப் படமெடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள். ‘டரான்டுலா, விஷம், அடிச்சுக் கொல்லு’ என்று உடனே தீர்ப்பு வந்துவிடும். என் அத்தை ஒருபடி மேலே: அது மேலே ஊர்ந்தால் அக்கி வருமாம். அக்கி வருவது சின்னம்மை வைரஸால். பூச்சிக்கு அதில் பங்கே இல்லை.

நம் வீட்டுச் சுவரோடு தட்டையாக ஒட்டிக் கிடப்பது பெரும்பாலும் ஹெட்டரோபோடா வெனடோரியா. 1767-லேயே இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். நண்டுபோலப் பக்கவாட்டில் விரிந்த கால்கள், கண்களுக்குக் கீழே வெளிர்நிறப் பட்டை. வலை பின்னாது, ராத்திரியில் கரப்பானைப் பாய்ந்து பிடிக்கும். வயிற்றடியில் வெளிர்நிற வட்ட வில்லை ஒன்றைச் சுமந்து திரிந்தால் அது பெண். வில்லைதான் முட்டைப் பை. டரான்டுலா என்றால் உடலும் காலும் தடித்து, ரோமம் அடர்ந்திருக்கும்.

பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும். அதற்குமேல் பெரிய ஆபத்தில்லை. கரப்பானுக்குக் காசு கொடுத்து மருந்தடிக்கும் நாம், சும்மா வேலை பார்ப்பதை விளக்குமாற்றால் அடிப்பது என்ன கணக்கோ! பயமாக இருந்தால் அகல டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகித் தோட்டத்தில் விட்டுவிடலாம்.