ஐந்து ரூபாய் டிக்கெட்டின் உண்மை விலை

சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். தேநீர்க் கடையில் ஒரு டீகூட அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. இதை வைத்து, வேலைக்குப் போய்வரும் செலவு இந்த நகரத்தில் பெரிய சுமையில்லை என்று யாராவது முடிவுகட்டினால், திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் அதிகாலை வண்டியைப் பிடிக்கிறவர்களிடம் மாதக் கடைசியில் பேசிப் பார்க்கட்டும். ரயிலுக்குக் கொடுத்ததைவிட, ஸ்டேஷனுக்கு வந்து சேரவும், இறங்கியபின் வேலை செய்யும் இடத்துக்குப் போகவும் கொடுத்ததுதான் அதிகம் என்பார்கள்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, ஊர் அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தது. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் வீட்டிலிருந்து நடந்தே போய் வண்டி ஏறினார்கள். இறங்கினால் பாரிமுனை, அலுவலகங்கள் எல்லாம் அங்கேயே. இன்று சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடு, ஸ்டேஷனிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. வேலையோ ஒரகடத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பழைய மாமல்லபுரம் சாலையில். இரண்டு முனைகளிலும் ஷேர் ஆட்டோ வேண்டும். மழை நாளிலும் பண்டிகை நாளிலும் அதன் கட்டணம் ஏறும். ஏன் என்று கேட்க இடமில்லை. ரயில்வேயின் கணக்கிலும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கிலும் இந்தச் செலவு வராது. தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து மட்டும் தினமும் போய்க்கொண்டிருக்கும்.

கடற்கரை - எழும்பூர் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதத்தில் வேலை முடியும் என்றார்கள். கடற்கரை வரை ரயில் மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் இறுதியில். ஏழு மாதம் பதினான்கு மாதமாகிவிட்டது. வேளச்சேரியிலிருந்தும் திருமயிலையிலிருந்தும் வந்தவர்கள் அத்தனை காலமும் நடுவழியில் இறங்கி, பூங்கா நிலையத்துக்கு நடந்தோ, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் தனியாகக் காசு கொடுத்தோதான் பயணத்தை முடித்தார்கள். புதிய பாதை தேவைதான்; அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அது போடப்படும் காலத்தின் செலவைப் பயணி ஏன் சுமக்க வேண்டும்? சீசன் டிக்கெட்டைக் காட்டினால் கட்டணமின்றி ஏற்றிக்கொள்ளும் இணைப்புப் பேருந்துகளை முதல் நாளிலிருந்தே விட்டிருக்க வேண்டும்.

வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடையே மீதமிருந்தது சுமார் ஐந்து கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய அந்தப் பணி, நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில் சிக்கிப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியும் இழுத்தது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பிரம்மாண்டமான பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. இப்படி விடுபட்ட ஒவ்வோர் இடத்தையும் மக்கள் தங்கள் பணத்தால் அடைத்துக்கொள்கிறார்கள்.

மெட்ரோவுக்கு வருவோம். 2015 ஜூனில் ஆலந்தூர் - கோயம்பேடு பாதை திறந்தபோது, பத்து கிலோமீட்டருக்கு 40 ரூபாய் என்று மக்கள் திகைத்தார்கள். பிறகு அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாய்வரை போய், 2021-ல் 50 ரூபாயாகக் குறைந்தது. குறைத்தது நல்ல முடிவு. அப்படியும் ஒரு கணக்குப் போடுவோம். மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கும் துணிக்கடை விற்பனையாளர் ஒருவர். ஷேர் ஆட்டோவுக்கு 20, மெட்ரோவில் 40 ரூபாய் டிக்கெட்டுக்குத் தள்ளுபடி போக 32, இறங்கியபின் இன்னொரு 20. போக வர 144 ரூபாய். இருபத்தைந்து நாள் வேலைக்கு 3,600 ரூபாய். சம்பளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு, வேலைக்குப் போவதற்கே போய்விடுகிறது. குளிர்சாதன வசதியும் சுத்தமும் அவருக்கும் வேண்டும்தான். அவரால் அதை வாங்க முடியவில்லை. அதனால் கடன் வாங்கி இரு சக்கர வண்டி எடுக்கிறார்; நெரிசலிலும் விபத்திலும் சிக்குகிறார்.

118.9 கிலோமீட்டருக்கு இரண்டாம் கட்ட மெட்ரோ வளர்ந்துகொண்டிருக்கிறது. திட்ட மதிப்பு 63,246 கோடி ரூபாய். முழுவதும் மக்கள் பணம், மக்கள் பெயரில் வாங்கிய கடன். அதில் யார் ஏறப்போகிறார்கள் என்பதைக் கட்டணம்தான் முடிவுசெய்யும். பெங்களூருவில் 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தினார்கள். எதிர்ப்பு வெடித்தது, சில தூரங்களுக்குக் கட்டணம் இரு மடங்கை எட்டியதை ஒரே வாரத்தில் ஓரளவு குறைக்க நேர்ந்தது. நமக்கு அந்த அனுபவம் வேண்டாம்.

ரயில்வேக்கு உரிய நன்றியைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் வகுப்பில் சுமார் பதினைந்து ஒற்றைப் பயணத்தின் கட்டணத்துக்கு ஒரு மாதம் முழுக்கப் போய்வரும் சீசன் டிக்கெட், இந்த நாட்டின் உழைப்பாளிகளுக்குக் கிடைத்த மிகப்பெரிய சலுகைகளில் ஒன்று. 2014-ல் அதில் கைவைக்க முயன்றபோது மும்பை கொந்தளித்தது. சில நாட்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் ரயில் கட்டணங்கள் உயர்ந்தபோதும் புறநகர் ரயிலும் சீசன் டிக்கெட்டும் தப்பின. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னைக்கு ஏ.சி. மின்சார ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105 ரூபாய். முடிந்தவர்கள் அதில் போகட்டும். ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரு சாதாரண வண்டி ஓட வேண்டிய இடத்தை ஏ.சி. வண்டி எடுத்துக்கொள்ளக் கூடாது. வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு வேண்டியது இன்னும் அதிக வண்டிகள்.

பெண்கள் படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். லட்சக்கணக்கான வீடுகளில் அது மாதச் செலவைக் குறைத்திருக்கிறது. ஆனால் ரயிலும் மெட்ரோவும் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கின்றன. விரைவாகப் போகும் ரயிலை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி மெதுவாகப் போனால் காசு மிச்சம் என்ற நிலையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண் எதைத் தேர்ந்தெடுப்பார்? மிச்சமாகும் காசுக்காக அவர் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்கிறார்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை இங்கே யாரும் எழுப்புவதே இல்லை. வேலைக்கு வரும் செலவில் வேலை கொடுப்பவருக்குப் பங்கில்லையா? பிரேசிலில் 1985-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்தில் ஆறு சதவீதத்துக்கு மேல் போகும் பயணச் செலவை முதலாளி ஏற்க வேண்டும். பிரான்சில் பொதுப் போக்குவரத்து மாதப் பாஸின் விலையில் பாதியை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். இங்கே மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளருக்குக் கம்பெனி பஸ் வாசலுக்கு வருகிறது. அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவரும் இரவுக் காவலாளியும் தங்கள் காசில் மூன்று வண்டி மாறி வருகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் சேர்த்துப் பயணப்படி கட்டாயம் என்று தமிழக அரசு சட்டம் செய்ய வேண்டும்.

சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலியும் வந்தது. பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். நல்ல தொடக்கம். ஆனால் கையில் டிக்கெட் ஒன்றானாலும் செலுத்தும் தொகை மூன்று கட்டணங்களின் கூட்டல்தான். மாநகரப் பேருந்துகளுக்கு ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது. ரயிலுக்குத் தனி சீசன் இருக்கிறது. இரண்டையும் மெட்ரோவோடு இணைத்து, குறைந்த சம்பளக்காரரும் வாங்கக்கூடிய ஒரே மாதப் பாஸைக் கொண்டுவர வேண்டும். ஸ்டேஷன் வாசலிலிருந்து உட்புறத் தெருக்களுக்குப் போகும் சிற்றுந்துகளும் அந்தப் பாஸிலேயே ஓட வேண்டும்.

ரயில்வே மத்திய அரசிடம், பேருந்து மாநில அரசிடம், மெட்ரோவில் இருவருக்கும் பங்கு. யார் தருவது என்ற வழக்கு மக்களுக்கு வேண்டாம். இரண்டாம் கட்ட மெட்ரோ முழுமையாக ஓடத் தொடங்கும் முன்பே, மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பாஸின் விலையை அறிவிக்க வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக்கொள்கிறோம்.