இரும்பு விலைக்குப் போன தையல் இயந்திரம்

பழையதைக் கழித்துவிடு, புதியதை வாங்கு என்பது சந்தையின் வேதம். அந்த வேதம் ஓதுவோர் மலையகத்து லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டனர். அவர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு.

அட்டனை அடுத்த தோட்டமொன்றில், பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் கிடந்த ஒரு கால் மெஷினை நாம் நிறைக்கு விலை கொடுத்து மீட்டு வந்தோம். உதிர்ந்த தங்கநிற எழுத்துகள்; அசைய மறுக்கும் கைச்சக்கரம்; உடலில் 15கே என்ற சிங்கர் குறி. கே என்பது ஸ்கொத்லாந்தின் கில்போவி ஆலையைக் குறிக்கும். 1885இல் திறந்த அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, அது பெற்ற பிள்ளையை நாம் இரும்பென்று எடை போடுகிறோம்!

“புதிதாக ஒன்று வாங்கலாமே” என்றனர் நண்பர்கள். நம் லயத்து முதிய தையற்காரர் மட்டும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மெஷின் சாகல தம்பி, எண்ணெய்தான் காஞ்சு போச்சு” என்றார்.

அதுவே உண்மை. மெஷின் எண்ணெய்க்குக் காசில்லாத கை தேங்காய் எண்ணெயை விட்டிருந்தது. அது காலப்போக்கில் பிசினாக இறுகியிருந்தது. எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு இரவு ஊறவைத்தோம். பலங்கொண்டு திருகாமல், சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தோம். மூன்றாம் நாள் அது சுழன்றது. ஊசித் தகட்டின் அடியில் கம்பளிபோல் படிந்திருந்த பஞ்சைக் கிளறி எடுத்தோம். பாபின் கூட்டைத் துடைத்தோம். எல்லா மூட்டுகளுக்கும் மெஷின் எண்ணெய் விட்டோம். புதிய தோல் பட்டி மாட்டினோம். இன்றைய கடையில் விற்கும் சாதாரண ஊசியே அதற்குப் பொருந்தியது. மின்சாரமும் வேண்டியதில்லை. அப்படியானால், இதைச் செத்ததென்று தீர்ப்பளித்தவர் யார்?

இரும்பின் விலையை மட்டும் அறிந்தவர் ஒருவர். இன்னொருவர் நுவரெலியாப் பக்கத்தில் இருக்கிறார். துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் அங்கே உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகியிருக்கின்றன. அவற்றுக்கு இதன் இரும்புக் கால்கள் மேசைக்கு அழகு. தலைப்பாகம் பூச்சாடிக்குத் துணை. எதிர்ச் சரிவின் லயத்தில் ஒரு தாய், பிள்ளையின் கிழிந்த பள்ளிச் சீருடையைக் கையால் தைத்துக்கொண்டிருக்கையில், தைக்கவல்ல கருவி அலங்காரப் பொருளாக நிற்பதை ரசனை என்று நம்மால் ஒப்ப முடியாது.

மூன்றாமவர் மேடையேறிப் புதிய மெஷின் வழங்கிப் படமெடுத்துக்கொள்பவர். கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. பழுது பார்க்கும் அறிவைக் கொடாமல், உதிரிப்பாகத்துக்கு வழி காட்டாமல், தைத்ததை விற்க இடமும் இல்லாமல் கொடுப்பது கொடையா? அந்த மெஷினும் நாளை அதே தராசுக்குத்தானே வரும்?

இந்தத் தராசு நமக்குப் புதிதன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டது. நிறுக்கப்பட்டவரை யாரும் கேட்கவில்லை. உழைத்துத் தேய்ந்ததைக் கழிவென்று எண்ணும் புத்தி, இரும்பிலும் மனிதரிலும் ஒன்றே.

ஆயினும் ஒரு மெஷின் ஓடியதும் விமோசனம் வந்துவிட்டதென்று நாம் கூறோம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட அதே 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில், தையல் இயந்திரம் ஏழைத் தையற்பெண்களின் வாழ்வை எப்படிப் பிழிந்தது என்று மார்க்ஸ் காட்டினார். யந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளோ, இந்த ஒன்றை அன்பில் பிறந்த கருவியென்று விலக்களித்தார். இரண்டும் மெய்யே, கருவி எவர் கையில் எந்த நிபந்தனையோடு இருக்கிறது என்பதே கேள்வி. விடியலில் பெரட்டுக்கு ஓடி, நாளெல்லாம் கொழுந்து பறித்து, இரவில் அடுப்பும் மூட்டியவள், அதன் பின்னும் மிதிக்க வேண்டுமானால், அது அவளுக்கு இன்னொரு வேலைநேரமே அன்றி விடுதலையன்று.

ஆகவே நாம் கேட்பது மெஷின் மட்டுமன்று. அதை வைக்கத் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமல்லாத, உறுதியோடு கூடிய வீடும் நிலமும் வேண்டும். பழுது பார்க்கும் தொழில் நம் பெண்களுக்கும் இளைஞருக்கும் கற்பிக்கப்பட வேண்டும். தைத்த துணிக்கு நியாய விலை வேண்டும். பகல் உழைப்புக்கே வயிறு நிறையும் கூலி வேண்டும்.

மீட்டெடுத்த மெஷின் இப்போது நம் இஸ்தோப்பில் நிற்கிறது. அண்டை வீட்டுப் பிள்ளைகளின் சீருடைகள் அதில் தைக்கப்படுகின்றன. இரும்புக்காரர் மறுபடியும் வந்து விலை கேட்டார். விற்பதற்கில்லை என்றோம்.