பகடையும் மனச்சான்றும்

விளையாட்டென்பது பொழுதைப் போக்கும் ஒரு கருவியே என்றும், அதன்கண் அறம் மறம் என்னும் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்றும் கருதுவார் பலர். சதுரங்கம் முதலியவற்றிற்கு இக்கூற்று ஒருவாறு பொருந்தலாம். காலாளைப் பலிகொடுத்து அரசனைக் காத்த எவனும் அதன்பொருட்டு இரவில் உறக்கமின்றி வருந்துவதில்லை. ஆயின், ஆடுவோர் தாமே ஒரு கதையின் மாந்தராக நின்று, பேசியும் முடிவு செய்தும் நடத்தும் ஒருவகை ஆட்டம் உண்டு. அதனையும் இவ்விதியால் அளத்தல் தகாதென்பதே எம் கருத்து.

இவ்வகை ஆட்டங்களுள் முதன்மையானது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது. அமெரிக்க நாட்டுக் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்னும் இருவர் இயற்றிய இது 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஊரும் காடும் பகைவரும் அவர் வாய்மொழியால் தோன்றுவன. ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் முதலிய வேடங்களைப் பூண்டு, தாம் செய்வது இன்னதென்று உரைப்பர். அச்செயல் பலித்ததோ இல்லையோ என்பதை இருபது முகமுடைய பகடை முதலியவற்றை உருட்டித் துணிவர். பகடை செயலின் பயனைக் கூறுமேயன்றிச் செயல் தக்கதோ என்பதைக் கூறாது. அதனை ஆடுவோரே துணிதல் வேண்டும். ஈண்டே அறச்சிக்கல் பிறக்கின்றது.

ஆட்ட நூலாசிரியர் இதற்கொரு வழி வகுத்தனர். ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்னும் மூன்றனுள் ஒன்றன் பக்கல் ஒவ்வொரு பாத்திரமும் நிற்கும் என 1974-ஆம் ஆண்டு நூலில் வரையறுத்தனர். பின்னர் நன்மை தீமை என்பவற்றையும் இவற்றோடு உறழ்ந்து, 1978-இல் ஒன்பது வகையாக்கினர். ஆர்க், காப்லின் முதலிய கற்பனை இனங்கட்கும் இவ்வாறே குணம் குறிக்கப்பட்டது. அவை தீயன என்பது பெயரருகே எழுதப்பெற்றமையின் ஆடுவோர்க்கு வேலை எளிதாயிற்று. தீயதென்று எழுதப்பெற்றதைக் கொல்வதற்கு ஆராய்ச்சி வேண்டாவன்றோ?

எனினும் சிக்கல் தீர்ந்திலது. கைகாக்ஸ் எழுதிய 'த கீப் ஆன் த பார்டர்லாண்ட்ஸ்' என்னும் கதைத்திட்டத்தில், எல்லைப்புறக் கோட்டையொன்றும், அதற்கு அணித்தே பகையினங்கள் வாழும் குகைகளும் கூறப்படுகின்றன. அக்குகைகளில் போர்வீரரேயன்றிப் பெண்டிரும் இளங்குழவிகளும் உளர் என ஆசிரியரே குறித்திருக்கின்றார். வீரரை வென்றபின் இக்குழவிகளை என் செய்வது? இவ்வாட்டத்தார் பல்லாண்டுகளாக வாதிட்டு வரும் வினா இது.

யாமும் நண்பர் மூவரும் ஒருமுறை அத்தகைய குகையொன்றிற் புகுந்தோம். போர் கால்மணி நேரத்தில் முடிந்தது. அதன்பின், மூலையில் ஏழு காப்லின் குழவிகள் ஒன்றையொன்று தழுவி நடுங்குகின்றன என்றார் கதை நடத்தியவர். இவை வளர்ந்து ஊரை எரிக்குமாதலின் கொல்லுதலே காவல் என்றார் ஒருவர். எத்தோல் போர்த்திருப்பினும் குழவி குழவியே என்றார் மற்றொருவர். யாம் செய்தது இவ்விரண்டினும் இழிந்தது: பகடையை உருட்டி முடிவு செய்வோம் என்றோம். கதை நடத்தியவர் அதற்கு இசைந்திலர். அன்றிரவு படுக்கையிற் கிடந்தபோதே எமக்கு விளங்கியது, யாம் பகடையிடம் ஒப்புவிக்க முயன்றது முடிவையன்று, பழியையே என்பது. நீர் கொண்டு கை கழுவிய பிலாத்துவும் இதனினும் வேறு செய்தானில்லை.

இவ்விடத்துப் பெரியோர் சிலரும் இளைஞர் சிலரும் எதிரெதிர் நின்று எம்மை மறுப்பர். இவ்வாட்டம் பேய் வணக்கத்திற்கு வாயில் என்று 1980-களில் அமெரிக்கக் கிறிஸ்தவர் பலர் அஞ்சினர். 1984-இல் ஜாக் சிக் என்பார் இக்கருத்தைப் படக்கதைத் துண்டுப் பிரசுரமாகவே வெளியிட்டார். மந்திரமும் பூதமும் கதையில் வருதலே பாவமென்று கொள்வார்க்கு யாம் கூறுவது, கதையில் வரும் மந்திரத்தினும், கதையில் நாம் காட்டும் கொடுமையே கவலைக்குரியது என்பதாம். இனி, எல்லாம் பொய்யே, பொய்யில் என்ன பாவம் என்பார் இளைஞர். அவர்க்கு நாத்தான் தீர்க்கதரிசியை நினைப்பூட்டுகின்றோம். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வன் ஒருவனைப் பற்றி அவர் தாவீதரசனிடம் உரைத்தார். அரசன் வெகுண்டு, அச்செல்வன் சாவுக்குரியவன் எனத் தீர்ப்புரைத்தான். அத்தீர்ப்பு அவன் தலைமேலேயே விழுந்தது. செல்வனும் ஆட்டுக்குட்டியும் கற்பனையாயினும், தீர்ப்பளித்த நெஞ்சம் மெய். ஆட்டக்களத்திலும் அங்ஙனமே. குழவிகள் பொய், அவற்றின்மீது நாம் கொண்ட இரக்கமும் இரக்கமின்மையும் மெய்.

இவ்வாட்ட நூலை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தார், ஆர்க் முதலிய இனங்களையும் மக்களைப் போன்றே பல்வகைக் குணமும் விரவியனவாகக் காட்டுவதாக 2020-இல் அறிவித்தனர். 2024-ஆம் ஆண்டு நூலில் ஆடுவோர் தாமே ஆர்க் வேடம் பூணவும் இடம் தந்தனர். கொடியோரைக் கொடியோரென்றறிந்து போரிடும் எளிய இன்பம் இதனாற் கெட்டதென்று வருந்துவாரும் உளர். அவர் கூற்றில் சிறிது நேர்மையுண்டு. எலும்புக்கூடும் பேயும் என்றும் பகையாகவே இருக்கட்டும். ஆயின் பேசுவதும், தன் மகவைப் பேணுவதும், சாவுக்கு அஞ்சுவதும் உடையதொன்றைப் பிறப்பினாலேயே தீயதென்று துணிதல் கிறிஸ்தவர்க்கு இயலுமோ? ஆர்க் இனத்தைத் தம் கதைகளாற் புகழ்ப்படுத்திய டால்கீன் என்பார் கத்தோலிக்கர். மீட்பிற்கு முற்றும் புறம்பான ஓரினம் இருத்தல் கூடுமோ என்று அவரே பிற்காலத்தில் மயங்கினார். பிறப்பே குணத்தை வரையறுக்கும் என்னும் கொள்கை கற்பனையுலகில் மட்டும் வழங்குவதன்று. அக்கொள்கை நம் நாட்டில் எத்துணை மக்களை ஊர்ப்புறத்தே நிறுத்தியது என்பதை நாம் அறிவோம். திருச்சபைக்குள்ளும் அது நுழைந்ததை மறைத்தல் உண்மையாகாது.

ஆயினும், சிக்கலென்று பெயர் பெறுவன யாவும் அறச்சிக்கல் ஆகா. பாலடின் என்னும் அறவீரன் தெரிந்து ஒரு தீமை செய்யின் அப்பதவியை என்றும் இழப்பான் என்பது 1978-ஆம் ஆண்டு நூலின் விதி. இதனைக் கொண்டு, எவ்வழிச் செல்லினும் பாவமே விளையுமாறு வலைவிரித்து, அவ்வீரனை வீழ்த்தி நகைக்கும் கதை நடத்துவோர் உளர். அது பொறியேயன்றி அறச்சிக்கலன்று. 2004-இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட 'டாக்ஸ் இன் த வினியார்ட்' என்னும் ஆட்டமோ வேறு நெறியினது. அதில் சமயக் காவலராகிய இளைஞர் ஊரூராகச் சென்று, ஆங்குள்ள பாவத்தை ஆய்ந்து தீர்ப்பளிப்பர். கதை நடத்துவோர் விடையை முன்னரே வகுத்துக்கொள்ளலாகாது என்பது அதன் நெறி. இருவழியும் திறந்திருந்து, ஒவ்வொன்றிற்கும் விலையும் இருப்பின், அதுவே மெய்யான சிக்கல்.

எம் காப்லின் குழவிகளை மறுவாரம் கொல்லாது உடனழைத்துச் சென்றோம். உணவு குறைந்தது, கோட்டையார் கதவடைத்தனர், யாம் நாடிய பொருளும் கைகூடவில்லை. இரக்கத்திற்கு ஆட்டநூல் ஒரு புள்ளியும் அளித்திலது. அளித்திருப்பின் அஃது இரக்கமாகாது, வாணிகமாகும்.

ஆதலின் மாணவ நண்பர்காள், இவ்வாட்டத்தை அஞ்சி ஓடவும் வேண்டா. வெறும் விளையாட்டென்று இகழவும் வேண்டா. ஆடுங்கால், பகடை உரைக்க இயலாத வினாவொன்று எழும்போது, பகடையைக் கீழே வைத்துவிட்டு நும் மனச்சான்றை வினவுமின். அங்கே உரைத்த விடையை நாளை உலகத்திலும் உரைக்க நேரும்.