மறைந்தவை அழிந்தவை அல்ல



வைகை அணையிலிருந்து ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ பேருந்து ஏறும் மாணவர் பலருடைய சட்டைப் பையில் இன்றும் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்றிதழின் நகல், அக்காளின் திருமணப் புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் விரல் நீளம்கூட இல்லாத அச்சிறு பொருளுக்குள் அடங்கியுள்ளன. ஜெராக்ஸ் கடைக் கணினியில் அதனைச் செருகி அச்செடுத்து, வீடு திரும்பித் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை; அல்லது கோப்புறைகள் இருந்த இடத்தில், மூலையில் சிறு அம்புக்குறி தாங்கிய ஷார்ட்கட் சின்னங்கள் மட்டும் நிற்கின்றன. “வைரஸ் பிடித்துவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டியதுதான்” என்று அருகிலிருக்கும் யாரேனும் தீர்ப்புக் கூறிவிடுவார். அத்தீர்ப்பை அவசரப்பட்டு ஏற்க வேண்டாம் என்று சொல்லவே இம்மாதம் இதனை எழுதுகிறேன்.

இவ்வகைப் புழு பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது. அதற்கொரு காரணம் உண்டு. முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகியவுடன், ‘ஆட்டோரன்’ என்னும் வசதி அதிலுள்ள நிரலைத் தானாகவே இயக்கிவிடும். 2008-இல் தோன்றிய கான்ஃபிக்கர் போன்ற புழுக்கள் அவ்வழியாகவும் பரவின. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 அவ்வழியை அடைத்தது. பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கும் 2011 பிப்ரவரியில் அதே அடைப்பு அனுப்பப்பட்டது. தானாக நுழைய வழியற்றுப்போன புழு, நம் கையையே கருவியாக்கிக்கொண்டது. உண்மையான கோப்புறையை மறைத்து, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. நாம் அதனைச் சொடுக்க, புழுவும் இயங்குகிறது, நம் கோப்புறையும் திறக்கிறது. ஐயம் எழ இடமேது?

இதன் பரப்பை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நடந்தது. பிளக்எக்ஸ் என்னும் நச்சு நிரலின் ஒரு வகை, 2020 முதல் பென் டிரைவ் வழியே தானாகப் பரவி வந்தது. அதனை ஏவியவர்கள் தங்கள் கட்டளை முகவரியைக் கைவிட்டுப் போனபின், 2023 செப்டம்பரில் செகோயா என்னும் பிரெஞ்சு நிறுவனம் அம்முகவரியை வெறும் 7 டாலருக்குப் பெற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. எஜமானர் இல்லாமலே நாள்தோறும் ஏறத்தாழ ஒரு இலட்சம் முகவரிகளிலிருந்து கணினிகள் கட்டளை கேட்டு வந்தன! ஆறு மாதங்களில் 170-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 25 இலட்சம் முகவரிகள். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகளுள் நம் இந்தியாவும் ஒன்று. 2024-இல் பிரான்சு அரசு, தொலைவிலிருந்தே அப்புழு தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும் கட்டளையை அனுப்பும் பணியைத் தொடங்கியது. அமெரிக்காவில் மட்டும் 4,258 கணினிகள் இவ்வாறு தூய்மையாக்கப்பட்டதாக 2025 ஜனவரியில் அறிவித்தனர். ஆயினும், மேசை இழுப்பறையில் உறங்கும் பென் டிரைவை எந்த அரசின் கட்டளை எட்டும்?

ஆகவே அது நம் வேலை. அதிலும் முறை முக்கியம். பென் டிரைவை மட்டும் தூய்மைசெய்து, புழு குடியிருக்கும் கணினியிலேயே மீண்டும் செருகினால் சில நொடிகளில் பழைய கதைதான். கண்மாயில் ஆகாயத்தாமரையை அள்ளிவிட்டு ஒரு மூலையில் நாலு செடியை விட்டுவைப்பவனை நாம் என்ன சொல்வோம்? முதலில் கணினி. விண்டோஸிலேயே அமைந்துள்ள டிஃபெண்டரைப் புதுப்பித்து, முழுச் சோதனை நடத்துங்கள். விண்டோஸ் முழுமையாக எழுமுன்பே தேடும் ‘ஆஃப்லைன்’ சோதனையும் அதில் உண்டு. நடுவண் அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் தளத்திலும் நீக்கும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

அதன்பின் பென் டிரைவைச் செருகி, எதையும் சொடுக்காமல், அதனையும் சோதிக்கச் செய்யுங்கள். பிறகு கோப்புகளைக் காட்டும் சாளரத்தின் ‘வியூ’ பகுதியில் மறைந்தவற்றைக் காட்டும் தெரிவை இயக்குங்கள். அப்போதும் தெரியாவிடில், இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவையும் அதே அமைப்புகளில் நீக்குங்கள். சில புழுக்கள் பெயரே இல்லாததுபோல் தோன்றும் ஒரு கோப்புறைக்குள் அனைத்தையும் திணித்து வைக்கும். அதனையும் திறந்து பாருங்கள். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுங்கள். ஷார்ட்கட்டையும், கோப்புறை வேடமிட்ட நிரலையும் தொட வேண்டாம். எல்லாம் பத்திரமாக வெளியேறியதை உறுதிசெய்த பின்னரே ஃபார்மட்.

லினக்ஸ் கணினி கிடைத்தால் இவ்வேலை இன்னும் எளிது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட புழு அங்கே இயங்காது. விண்டோஸில் மறைந்தவை அங்கே வெளிப்படையாகவே தெரியும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இருந்தது. பழைய மடிக்கணினி வீட்டுப் பரணில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கடைக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. நாளொன்றுக்குப் பலருடைய பென் டிரைவ்கள் அவருடைய கணினியில் ஏறி இறங்குகின்றன; அவருக்கு அதனைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் நாமே. அச்செடுக்க மட்டும் செல்வதாயின், அந்த ஒரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். பென் டிரைவ்தான் வேண்டுமென்றால், வேறெதுவும் இல்லாத ஒன்றைக் கடைக்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, திருமணப் படங்களை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.