பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

என் காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. போன ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு என் துணைவியாருக்கு மூச்சுத் திணறல். சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுக்கவில்லை. இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி தன் வண்டியை எடுத்து வந்ததால் நேரத்தோடு மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். இப்போது அவர் நலம். யாரும் பதற வேண்டாம்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. இதே கோளாறுக்காக மூன்று மாதம் முன்புதான் 4,800 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். அடுத்த மாதம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வேலை பார்க்க 3,500 ரூபாய். அந்த இரவுக்குப் பிறகு போய்க் கேட்டால், "வயரிங் மொத்தமும் போச்சு சார், வண்டியைத் தள்ளிவிட்டுடுங்க" என்றார்கள். என் மகனும் அதையே சொன்னான்.

2009-இல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த மாணவி ஒருவர், ஒரகடம் பக்கம் காருக்கு வயர் செட் தயாரிக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எர்த் பார்த்தாங்களா சார்?" என்றார். யாரும் பார்க்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். மீட்டர் 2 வோல்ட் காட்டியது. "0.2-க்கு மேலே போகக் கூடாது சார்" என்றார். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைக் கழற்றினோம். பித்தளைச் சொம்பில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு. போல்ட்டின் அடியில் துரு.

வீட்டில் பல்புக்கு இரண்டு வயர் போகிறது. காரில் பெரும்பாலும் ஒரு வயர்தான். மின்சாரம் திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்பு உடம்பே. அதைத்தான் எர்த் என்கிறார்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். வழியில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் 100 × 0.02, அதாவது 2 வோல்ட் அங்கேயே போய்விடும். பேட்டரி எவ்வளவு புதிதாக இருந்து என்ன பயன்? மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடும் வண்டியில், செம்பும் இரும்பும் ஈரத்தோடு சேரும்போது 1800-இல் வோல்டா செய்த மின்கலம் போல ஒன்று அங்கே உருவாகிறது. உலோகம் தின்னப்படுகிறது.

சரிசெய்ய ஆன செலவு உப்புத்தாள் ஒன்று, ஆப்ப சோடா இரண்டு ஸ்பூன், வாஸ்லின் கொஞ்சம். செய்யும் முறையைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. ஹைட்ரஜன் வாயு வரும். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். எர்த் போல்ட் உட்காரும் இடத்தை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். பாத்திரம் துலக்கும் நினைப்பில் புளியும் உப்பும் போடாதீர்கள். மிச்சம் நின்றால் மறுபடி அரிக்கும். பட்டை இற்றுப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குக்குப் போவது, அதில் கை வைக்காதீர்கள். ஃபியூஸ் போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள்; வண்டி எரியும். இன்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து மினுக்கினால், அந்த விளக்கின் எர்த்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

சுத்தம் செய்தபின் மீட்டர் காட்டியது 0.1. வண்டி ஒரே இழுப்பில் எடுத்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மெக்கானிக்கை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் ஒரு மணி நேரம் தேடி, போல்ட்டைச் சுரண்டி, 500 ரூபாய் கேட்டால் நாம் கொடுப்போமா? "சுரண்டினதுக்கா ஐநூறு?" என்போம். புதுப் பொருளை டப்பாவோடு காட்டினால் 5,000 ரூபாயைப் பேசாமல் எடுத்து நீட்டுகிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குத்தான் கூலி என்று அவர்களைப் பழக்கியது நாம்தான். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம்வரை இத்தனை கார் கம்பெனி இருக்கும் ஊரில், கார் செய்யத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆனால் பழுது எங்கே என்று தேடுபவருக்கு மதிப்பில்லை.

என் பங்குக் குற்றமும் உண்டு. ஆறாம் வகுப்பில் பேட்டரி, பல்பு, சுவிட்ச் படம் போடச் சொல்வேன். கோடு ஓரிடத்தில் சேராமல் விட்டுப்போனால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். 'சுற்று முழுமையாக இருந்தால்தான் மின்சாரம் ஓடும்' என்று எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்! என் காரில் திரும்பி வரும் பாதி இருப்பதையே மறந்து 8,300 ரூபாய் கொடுத்தேன். அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன். "நீங்க மார்க் குறைச்சதாலதான் சார் எனக்கு ஞாபகம் இருக்கு" என்று சிரித்தார். அந்தக் குழந்தைகள் கையில் ஒரு மீட்டரைக் கொடுத்துப் பழக்கியிருக்கலாம். செய்யவில்லை.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, நீங்கள் கொடுங்கள். 500 ரூபாய்க்குள் சாதாரண மீட்டர் கிடைக்கிறது. மற்றவர்கள், அடுத்த முறை "மாத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால், "அளந்து பார்த்தீங்களா தம்பி?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்து காட்டுபவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.

மழைக்காலம் வருமுன் உங்கள் வண்டியின் எர்த்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவசரம் என்பது சொல்லிக்கொண்டு வராது.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்